இயந்திரத்தின் மஞ்சள் விளக்கு

காரின் சாவியைத் திருப்பியதும், இயந்திரத்தின் உருவம் கொண்ட ஒரு மஞ்சள் விளக்கு ஓட்டுநருக்கு எதிரே எரிவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். என்ன கோளாறு என்பதைப் படித்துச் சொல்லும் கருவிக்கு ‘ஸ்கேனர்’ என்று பெயர். சில நூறு ரூபாய்க்கும் ஸ்கேனர் கிடைக்கிறது. லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்விக்கு விடை காண உங்கள் இயற்பியல் பாடமே உதவும்.

விளக்கு வந்த கதை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் உண்டானதற்கு வாகனப் புகை பெரிய காரணம் என்று 1950களில் ஹாகென்-ஸ்மிட் என்ற அறிஞர் விளக்கினார். புகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் அவற்றின் வழியே வந்ததுதான். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் செருகுவாய் கட்டாயமாயிற்று. இதற்கு ஓ.பி.டி.-2 என்று பெயர். இந்தியாவில் பாரத் நிலை 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று.

குறியெண்ணைப் படிப்போம்

‘பி 0118’ என்பது ஒரு குறியெண். முதல் எழுத்து, கோளாறு இயந்திரப் பகுதியைச் சேர்ந்தது என்கிறது. அடுத்துள்ள 0, இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்கிறது. அங்கே 1 இருந்தால் அந்த நிறுவனத்துக்கே உரிய குறி. மூன்றாவதாக உள்ள 1, எரிபொருள்–காற்று அளவீட்டைக் குறிக்கும். கடைசி 18, ‘குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை அளக்கும் சுற்றில் மின்னழுத்தம் மிகுதி’ என்பதைக் குறிக்கும்.

உடனே வெப்பநிலை சென்சாரை மாற்றிவிடலாமா? சற்றுப் பொறுங்கள்! ‘சுற்றில்’ என்றுதான் குறியெண் சொல்கிறது. ‘சென்சாரில்’ என்று சொல்லவில்லை.

மீஞ்சூரில் உறைபனியா?

அந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடேறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். காரின் கணிப்பொறி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான மின்தடை வழியாக அதற்கு அனுப்புகிறது. தெர்மிஸ்டரின் தடை கூடினால் அதன் முனைகளுக்கு இடையே மின்னழுத்தமும் கூடும். அதைக் கொண்டே கணிப்பொறி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது.

மீஞ்சூர், பழவேற்காடு பகுதிகளில் கடலையும் ஏரியையும் தழுவி வரும் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். கம்பி இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மின்தடை எல்லையற்றது. மின்னழுத்தம் ஏறத்தாழ முழு 5 வோல்ட். ‘கடுங்குளிர்!’ என்று கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். சென்சாரோ நன்றாகவே இருக்கும்.

குறியெண்ணை மட்டும் காட்டும் கருவி ‘0118’ என்பதோடு நின்றுவிடும். ஓடும் அளவீடுகளையும் காட்டும் கருவி வெப்பநிலை −40° செ. என்று காட்டும். சித்திரை வெயிலில் மீஞ்சூரில் −40°! அது நடவாது என்பது உங்களுக்கே தெரியும். (வெப்பநிலை 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக அனுப்பப்படுகிறது; அதில் 40-ஐக் கழிக்க வேண்டும். எனவே −40 என்பது கருவி காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு.) ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கம்பியையும் இணைப்பையும். களிம்பைத் துடைத்தாலே விளக்கு அணைந்துவிடலாம். பார்க்காமல் புதிய சென்சார் வாங்கினால் பணம் வீண். விளக்கு மீண்டும் எரியும்.

எதை வாங்குவது?

1. கார் ஓ.பி.டி.-2 வகையா என்று முதலில் அறிய வேண்டும். பழைய கார்களில் இந்தச் செருகுவாய் இராது. 12 வோல்ட் காருக்கான கருவியை 24 வோல்ட் லாரியில் செருகக் கூடாது.

2. ஓடும் அளவீடுகளையும், கோளாறு தோன்றிய கணத்தில் பதிவான அளவுகளையும் காட்ட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும். செல்பேசியோடு இணையும் சிறு கருவிகளிலும் இவ்வசதி உண்டு.

3. பிரேக், காற்றுப்பை ஆகியவற்றின் கோளாறுகளையும் படிக்க விலை கூடிய கருவி வேண்டும். அது பட்டறைக்குத் தேவை.

4. காரின் சுயசோதனைகள் முடிந்துவிட்டனவா என்பதையும் காட்ட வேண்டும். குறியெண்ணை அழிக்கும் பொத்தான் நோயைத் தீர்ப்பதில்லை, அறிகுறியைத்தான் மறைக்கிறது. பழைய காரை விற்பவர் சற்று முன்புதான் குறியெண்ணை அழித்திருந்தால், பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: விளக்கு விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அதிக வெப்பத்தால் பாழாக்கும். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது.

தெரிந்தவர் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே பாருங்கள். 16 முனைச் செருகுவாய் கண்ணில் படும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும்போது, “குறியெண் என்ன?” என்பதோடு நில்லாமல், “அளவு என்ன காட்டுகிறது?” என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தரும் கருவியே வாங்கத் தக்க கருவி.