கூடுவிட்டுக் கூடுபாயும் பொறி

ஓருடலை நீத்து வேறோருடலிற் புகுதலைக் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்பர். பசுக்களின் துயர் தீர்க்க இடையனாகிய மூலனுடலிற் புகுந்த சிவயோகியாரே திருமூலர் எனப்பட்டார் என்று பெரியபுராணம் கூறும். அவர் மீண்டு வந்து நோக்கியபோது, சேமமாக வைத்துச் சென்ற தம் முன்னையுடலைக் கண்டிலர்.

இதனை ஒருபுடை ஒத்த செயலொன்று கணினித்துறையில் நிகழ்கின்றது. ஒரு கணினியினுள்ளே மென்பொருளால் அமைந்து, தனக்கெனச் செயலியும் நினைவகமும் வட்டும் உடையதுபோல இயங்கும் மற்றொரு கணினியே மெய்நிகர்ப் பொறி எனப்படும். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலே இம்முறையைப் பெருங்கணினிகளில் நிறுவினர். 1972இல் அது வி.எம்/370 என்னும் பெயரால் வெளிவந்தது. 1999இல் வி.எம்.வெயார் நிறுவனத்தார் மேசைக் கணினிக்கும் அதனைக் கொணர்ந்தனர். பழைய இயங்குதளத்தில் மாத்திரம் இயங்கும் கணக்குகளையும் ஆய்வுக் கருவிகளையும் இத்தகைய பொறியினுள் வைத்துக் காப்போர் பலர். தாங்கும் கணினி மூப்படையுங்கால், உள்ளிருப்பதைப் புதியதற்கு மாற்றுதல் இன்றியமையாததாகும்.

இம்மாற்றம் இயலுவது எவ்வாறு? மெய்நிகர்ப் பொறியின் வட்டு, தாங்கும் கணினிக்கு வெறுங் கோப்பேயாம். அதன் அமைப்பு விவரமும் மற்றொரு கோப்பாம். ஆகவே அவை உள்ள கோப்புறை பெயரின் பொறியும் பெயரும். ஆயினும் கவனிக்கற்பாலன நான்கு உள.

முதலாவது, பொறியை முற்றாக நிறுத்திய பின்னரே படியெடுத்தல் வேண்டும். இடைநிறுத்திய நிலையில் எடுப்பின், வேறு செயலியையுடைய புதிய கணினியில் அது தொடராதொழியலாம்.

இரண்டாவது, ஸ்னாப்சொட் எனப்படும் நிலைப்பதிவுகளையும் விடாது கொண்டுசெல்லுதல் வேண்டும். பதிவெடுத்தபின் நிகழும் மாற்றங்கள் தனிக்கோப்பில் எழுதப்படுதல் பெருவழக்கு. அக்கோப்பு மூலவட்டின்றிப் பயன்படாது. மூலவட்டும் அஃதின்றிப் பழைய நிலையையே காட்டும்.

மூன்றாவது, கொண்டுசெல்லும் கருவி. ஃபாட் 32 முறையில் அமைந்த பென்டிரைவ், 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏலாது. வட்டுக்கோப்போ பெரும்பாலும் அதனினும் பெரிது. படியெடுத்தபின் இரு பிரதிகளின் சரிபார்ப்புத் தொகைகளையும் ஒப்புநோக்கின், இடையில் நேர்ந்த சிறு பிழையும் புலனாகும்.

நான்காவது, புதிய கணினியின் செயலி. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்கென அமைந்த பொறி, ஆப்பிள் நிறுவனத்தார் 2020 முதல் வெளியிட்ட எம் வரிசைச் செயலிகளில் நேரே இயங்காது. வேறொரு மென்பொருள் அறிவுறுத்தல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தல் வேண்டுமாதலின் வேகம் பெரிதும் குறையும்.

இவை யாவும் செய்தபின்னரும் பழைய பிரதியை உடனே அழித்தல் தகாது. புதிய கணினியிற் பொறியைத் தொடக்கி, கோப்புகள் திறத்தலையும் கணக்குகள் முழுமையாயிருத்தலையும் கண்டு தெளிந்த பின்னரே அதனை நீக்குதல் முறை. அதுகாறும் இரண்டையும் ஒரே வலையமைப்பில் ஒருங்கே இயக்குதலும் ஆகாது. ஒரே முகவரியுடைய இரண்டும் தம்முள் முரணும்.

திருமூலரின் முன்னையுடல் மறைந்தது திருவருட் செயல். அதனால் உலகம் திருமந்திரம் பெற்றது. பழைய பிரதி மறைந்து புதியதும் இயங்காதாயின் பெறுவது யாதுமில்லை; பல்லாண்டு உழைப்பே இழக்கப்படும்.