திராட்சை தோட்டத்துக்கு ஒரு நாள் டூர்: போறது சரி... திரும்பி வர்றது எப்படி?

மும்பைக்காரர்கள் பலருக்கு இப்போது லீவு நாள் வந்தால் நாசிக் ஞாபகம் வந்து விடுகிறது.

கோதாவரியில் முங்கி எழவா? திரியம்பகேசுவரரை தரிசிக்கவா? அதுதான் இல்லை. ஒயின் ருசி பார்க்க!

மும்பையில் இருந்து சுமார் 170 கிலோ மீட்டர். காலையில் போய் ராத்திரி வீடு திரும்பி விடலாம். ஆனால் எதில் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே போய் ரெண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு முடிவு செய்தால், அது முடிவாக இருக்காது!

ஜனவரி முதல் மார்ச் வரைதான் சீசன். ஐரோப்பாவில் ஆகஸ்டு, செப்டம்பரில் திராட்சை பறிப்பார்கள். நாசிக்கில் அது மழைக்காலம். குலை அழுகி விடும். அதனால் கொடியை வருஷத்துக்கு 2 தடவை வெட்டி விட்டு, பனிக்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். ஏப்ரலில் போனால் மொட்டைக் கொடியைப் பார்த்து விட்டு வரலாம்.

ஒயின் திராட்சையை வாயில் போட்டால் பலருக்கு முகம் சுளிக்கும். சின்ன பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. ஆனால் சிவப்பு ஒயினுக்கு நிறம் கொடுப்பதே அந்தத் தோல்தான்.

கங்காபூர் அணைப் பக்கம் உள்ள சூலா நிறுவனம் தன் முதல் ஒயினை 2000-ம் ஆண்டில் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் கூட்டம் சேர ஆரம்பித்தது.

லீவு நாள் ஆச்சே என்று ஜனவரி 26-ந் தேதி போய் நிற்காதீர்கள். அன்று மது விற்பனை கிடையாது. 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கு என்றைக்குமே கிடையாது.

கசாரா மலைப்பாதை

இனிதான் முக்கிய விஷயம்.

"ருசிதானே பார்த்தேன், என்ன ஆயிடப் போவுது?" என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் உண்டு. ருசி பார்க்க ஊற்றுவது கொஞ்சம்தான். ஆனால் 5, 6 வகை சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய் விடும். திரும்பும் வழியில் கசாரா மலை இறக்கம். வளைவு, இருட்டு, முன்னாலும் பின்னாலும் லாரிகள்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவையே 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

வம்பே வேண்டாம், ரெயிலில் போகலாம். இதில் ஒரு சிக்கல். பெயர் பெற்ற பஞ்சவடி எக்ஸ்பிரஸ் காலையில் மும்பைக்கு வந்து சாயங்காலம் நாசிக் திரும்பும் ரெயில். மும்பைக்காரர்களின் ஒரு நாள் பயணத்துக்கு உதவாது. 2023 பிப்ரவரியில் விட்ட ஷீரடி வந்தே பாரத் ரெயில்தான் தோது. காலையில் கூட்டிப் போய் நாசிக் ரோடில் இறக்கி விட்டு, ராத்திரி மும்பைக்குக் கொண்டு வந்து சேர்த்து விடும்.

நாசிக் ரோடு ஸ்டேஷன் ஒரு கோடி, அணைப் பக்கத்து தோட்டங்கள் மறுகோடி. டாக்சியை போக மட்டும் பேசி, வருவதற்கு விட்டு விட்டால் சாயங்காலம் தோட்டத்து வாசலில் திண்டாட்டம்தான். இரண்டுக்கும் சேர்த்தே பேசி விடுங்கள்.

காரில்தான் போவோம் என்றால், குடிக்காத ஒருவரை டிரைவராகக் கூட்டிப் போக வேண்டும். அவருக்கு சாப்பாடு பலமாக வாங்கிக் கொடுங்கள்.