கைக்குழந்தையோடு விமானம் ஏறப்போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் லண்டன் வானத்தைக் காத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கும், இன்று விமான நிலைய வரிசையில் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓர் அம்மா சட்டென்று மடக்குகிற ஸ்ட்ரோலருக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. தெரியுமா?

அந்தச் சொந்தத்தின் பெயர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயரின் சக்கரக் கால்களை வடிவமைத்த பிரிட்டிஷ் பொறியாளர் அவர். பறக்கும்போது அந்தக் கால்கள் இறக்கைக்குள் மடிந்து ஒளிந்துகொள்ள வேண்டும். இறங்கும்போது விரிந்து மொத்த விமானத்தையும் தாங்க வேண்டும். கனமும் கூடாது! வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேரக்குழந்தையின் பெரிய தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு பயணத்தில் தான் படும் பாட்டை மகள் சொல்லக் கேட்டார். விமானக் கால்களுக்குத் தெரிந்த வித்தை தள்ளுவண்டிக்கு ஏன் தெரியக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவருடைய வண்டியின் எடை சுமார் 2.7 கிலோதான்!

அதன் அமைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மெல்லிய அலுமினியக் குழாய்கள், பின்புறம் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும் இரண்டு சட்டங்கள், நடுவே தொங்கும் ஒரு துணி. அவ்வளவுதான். காலால் ஒரு தட்டுத் தட்டினால் பக்கவாட்டிலும் ஒடுங்கும், முன்பின்னாகவும் ஒடுங்கும். மடித்த குடை மாதிரி கைக்கு அடக்கமாக நிற்கும். அதுவரை இருந்த தள்ளுவண்டிகள் இரும்பும் மரமுமாக ஒரு சின்னக் கட்டிலின் கனம் கனத்தவை. முதல் தள்ளுவண்டி என்று பலரும் சொல்வது 1733-ல் வில்லியம் கென்ட் என்ற தோட்டக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் செய்தது. அதை இழுக்க ஆடோ குட்டிக் குதிரையோ தேவைப்பட்டதாம்!

அங்கே தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2014-ல் ஜிபி பாக்கிட் என்ற ஸ்ட்ரோலர், உலகிலேயே மிகச் சின்னதாக மடிகிற ஸ்ட்ரோலர் என்று கின்னஸில் இடம் பிடித்தது. மடித்தால் 30க்கு 18க்கு 35 சென்டிமீட்டர். ஒரு தோள்பைக்குள் போய்விடும்! ஆனாலும் ஓர் எச்சரிக்கை. மடித்தால் கேபினுக்குள் வைக்கலாம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பது தயாரிப்பாளரின் வார்த்தை. விடுவதும் விடாததும் விமான நிறுவனத்தின் கையில். சில நிறுவனங்கள் விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, அங்கே டேக் கட்டி வாங்கிக்கொள்ளும். வேறு சில நிறுவனங்களில் கனமான ஸ்ட்ரோலரை வாசல்வரைகூடக் கொண்டுபோக முடியாது, செக்-இன் கவுன்ட்டரிலேயே கொடுத்துவிட வேண்டும். வழியில் மாறும் விமான நிலையம் சிங்கப்பூர் சாங்கியாக இருந்தால் கவலையே இல்லை. அங்கே ஸ்ட்ரோலர் இலவசமாகத் தருகிறார்கள்!

உள்ளே போய் உட்காருவோம். மூன்று இருக்கை உள்ள வரிசையில் தலைக்கு மேல் எத்தனை ஆக்சிஜன் முகமூடிகள் இருக்கும்? மூன்று என்றுதானே நினைத்தீர்கள்? பெரும்பாலும் நான்கு! அந்த உபரி ஒன்று மடியில் இருக்கும் குழந்தைக்கு. ஒரு பக்க வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார வைக்க மறுப்பதும், இரட்டைக் குழந்தைகளோடு வருகிற அப்பாவையும் அம்மாவையும் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று பிரித்து உட்கார வைப்பதும் இதனால்தான். முகமூடியை முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார்களே, அதற்கும் கணக்கு இருக்கிறது. 35,000 அடி உயரத்தில் கேபினின் காற்றழுத்தம் முழுதும் போய்விட்டால் பெரியவருக்கே தெளிவாக யோசிக்கக் கிடைப்பது 30 முதல் 60 விநாடிகள்தான். அதற்குள் நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் மாட்டுவது?

விமானத்தில் தூளி கட்டியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 1950களில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தன் விமானங்களில் 'ஸ்கைகாட்' என்ற தொட்டிலை வைத்திருந்தது. தலைக்கு மேல் சாமான் வைக்கும் தட்டை ஒட்டித் தொங்கும் தொட்டில்! அம்மா கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்க, மேலே அந்தரத்தில் பிள்ளை தூங்கும் அந்தக் காலத்துப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இன்றைய தொட்டில் சுவருக்கு இறங்கி வந்துவிட்டது. தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் முதல் வரிசையில்தான் அது கிடைக்கும். விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்த பிறகு பணிப்பெண் அதை எடுத்து வந்து சுவரில் இருக்கும் கொக்கிகளில் மாட்டிக் கொடுப்பார். விமானம் குலுங்க ஆரம்பித்தால், தூங்குகிற பிள்ளையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை எழுப்புவது கொடுமையாகத் தோன்றும். மறுக்காமல் எடுத்துவிடுங்கள். தொட்டில் தாங்கும் எடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எண்ணிக்கையும் சொற்பம். அதனால் டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு வையுங்கள். இன்னொரு விஷயம்: அந்த வரிசையில் எதிரே இருக்கை கிடையாது, ஆகவே காலடியில் பை வைக்க இடமும் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் டயப்பர் பை மேலேதான் இருக்கும். ஒரு டயப்பர், ஒரு துணி, பால் பாட்டில், இந்த மூன்றையும் முன்னதாகவே கையில் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி சொல்லப்போவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் 232 விமானத்தின் வால்பக்க எஞ்சின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பவும் இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் மோதி இறங்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அன்றைய கையேட்டில் இருந்தபடி, மடியில் இருக்கும் குழந்தைகளைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் அறிவித்தார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். மடிக் குழந்தைகள் நான்கு பேர். ஒரு குழந்தை, அம்மாவின் கையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டது போலப் பறந்து சாமான் தட்டுக்குள் போய் விழுந்தது. வெளியே தப்பி வந்துவிட்ட ஒரு பயணி, அழுகுரல் கேட்டுப் புகைக்குள் திரும்பிப் போய் அந்தக் குழந்தையை மீட்டு வந்தார்! இன்னொரு குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தாயை நேருக்கு நேர் பார்த்த ஜேன் பிரவுன், குழந்தைகளுக்கும் இருக்கையும் பெல்ட்டும் கட்டாயமாக வேண்டும் என்று அதன் பிறகு பல்லாண்டுகள் போராடினார்.

ஒரு தாயின் பிடி அவ்வளவு பலவீனமானதா? பிடியின் மேல் குற்றமே இல்லை, விசையின் கணக்கு அப்படி. இன்றைய விமான இருக்கைகளை, புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் முன்னால் தள்ளிச் சோதிக்கிறார்கள். அந்த விசையில் 8 கிலோ குழந்தை 128 கிலோவாக இழுக்கும். எந்தக் கை தாங்கும்?

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று 1990 முதல் கேட்டு வருகிறது. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ.வோ, தனி டிக்கெட்டைக் கட்டாயமாக்கினால் செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் அதைவிட அதிக உயிர்கள் போகும் என்று சொல்லி, கட்டாயம் இல்லை என 2005-ல் முடிவெடுத்தது. ஆனால் தனி இருக்கைதான் நல்லது என்று அதே அமைப்பு இன்றும் வற்புறுத்துகிறது! ஒரு நாட்டுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தன் ஒரு பிள்ளையோடு பறக்கிறவருக்கு அது போதாது என்பேன். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் 16,000 அடி உயரத்தில் சுவரின் ஒரு பாகமே பிய்த்துக்கொண்டு போனதே, அந்த விமானத்தில் மூன்று மடிக் குழந்தைகள் இருந்தார்கள். பிய்ந்த இடத்தை ஒட்டிய இருக்கை காலியாக இருந்தது யாரோ செய்த புண்ணியம்.

மடியில் இருக்கும் குழந்தைக்கு உங்கள் பெல்ட்டோடு கோத்து மாட்டும் ஒரு குட்டி பெல்ட் தருகிறார்களே, ஐரோப்பிய விமானங்களில் அது கட்டாயம், அமெரிக்க விமானங்களில் அதற்குத் தடை! மோதலில் பெரியவரின் உடம்பு முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கிவிடும் என்பது அமெரிக்கர்களின் வாதம். ஒரே குழந்தை, ஒரே பயணம், விமானம் மாறினால் விதியும் மாறுகிறது.

கார் சீட்டிலோ இதைவிடப் பெரிய ஆச்சரியம். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிற தாத்தா பாட்டிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா. தரத்தில் தயாரித்த முத்திரையோடு நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கார் சீட்டை அமெரிக்க விமானத்துக்குள் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் விமானத்தை விட்டு இறங்கி அமெரிக்கச் சாலையில் காரில் பொருத்தினால் செல்லாது! அங்கே அவர்களுடைய சொந்தத் தர முத்திரை வேண்டும். அந்த ஊர் சீட்டின் அடியிலோ பக்கவாட்டிலோ, கார்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தத் தகுதி பெற்றது என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஆசையாக ஒன்றை வாங்கிச் சுமந்துகொண்டு போவதைவிட, அங்கே இறங்குமுன் மகனிடமோ மருமகளிடமோ சொல்லி வாங்கி வைக்கச் சொல்வது மேல்.

ஒரு வயதைத் தாண்டி, 10 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கார் சீட்டைச் சுமக்கவே வேண்டாம். 'கேர்ஸ்' என்ற அரை கிலோ பட்டை இருக்கிறது. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி, தோள் இரண்டிலும் மாட்டி, விமானத்தின் இடுப்பு பெல்ட்டோடு சேர்த்துவிடலாம். எஃப்.ஏ.ஏ. அங்கீகாரம் பெற்ற இதைக் கண்டுபிடித்தவர் லூயிஸ் ஸ்டோல் என்ற ஒரு பாட்டி!

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் காற்று மலைவாசஸ்தலத்துக் காற்றுதான். பழைய ரக விமானங்களில் 8,000 அடி உயரம்வரை, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் சுமார் 6,000 அடி, கிட்டத்தட்ட குன்னூர்! கீழே இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் குழந்தைக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் எளிதில் திறக்காது. எச்சில் விழுங்கினால் திறக்கும், ஆனால் பச்சைக் குழந்தையிடம் விழுங்கு என்று சொல்ல முடியுமா? தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுத்தால் அதுவே விழுங்கும். இறக்கம் தரைதட்டுவதற்கு சுமார் அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. முழுப் பசியையும் முன்கூட்டியே ஆற்றிவிடாமல், அந்த நேரத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கேபினின் அந்த 8,000 அடிக் காற்றில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும்! பவுடர் பால் கரைக்க 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதற்கு இது தாராளம். ஆற வைக்கத்தான் நேரம் பிடிக்கும். பிள்ளை வீறிடும்வரை பொறுக்காமல் முன்னதாகவே பணிப்பெண்ணிடம் கேளுங்கள்.

திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி பிள்ளையின் பாலுக்கு இல்லை. அமெரிக்காவில் குழந்தை உடன் வராவிட்டாலும் அம்மா எடுத்த தாய்ப்பாலைக் கொண்டுபோகலாம், ஐஸ் பேக்கும் சேர்த்து. சோதனையில் அம்மாக்கள் பட்ட தொல்லையைப் பார்த்து 2016-ல் தனிச் சட்டமே போட்டார்கள்!

விமான நிறுவனங்களும் விதவிதமாக யோசிக்கின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019 முதல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எந்த இருக்கையில் வருகிறது என்று இருக்கை வரைபடத்திலேயே படம் போட்டுக் காட்டுகிறது. எட்டிஹாட் 2013-ல் 'பறக்கும் ஆயா'க்களைப் பணியமர்த்தியது. ஏர் நியூசிலாந்து சாதாரண வகுப்பிலேயே மூன்று இருக்கைகளைச் சேர்த்துப் படுக்கையாக்கிவிட்டது! கிளம்புமுன் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. போகும்போது இரண்டு வயது முடியாத பிள்ளை, அங்கே பிறந்தநாள் கொண்டாடிவிட்டுத் திரும்பினால், பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பும் பயணத்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கும் வெளிநாடு போகத் தனி பாஸ்போர்ட் உண்டு, ஐந்தே ஆண்டுகள்தான் செல்லும். பால் சூடாக்கும் கருவிக்கென்று தனியாக எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஊர் போய்ச் சேர்ந்ததும், லக்கேஜ் பெல்ட்டிலிருந்து எடுத்த இடத்திலேயே ஸ்ட்ரோலரை விரித்து நான்கு சக்கரங்களையும் உருட்டிப் பாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே கவுன்ட்டரில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்தியாவும் சேர்ந்திருக்கும் 1999-ம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, வெளிநாட்டுப் பயணத்தில் செக்-இன் செய்த சாமான் சேதமானால் 7 நாட்களுக்குள் எழுத்தில் கேட்டவருக்குத்தான் இழப்பீடு.