பீலிக்கரையில் பவுசர்

எல்ல மலைமுகட்டில் விழும் மழைக்கு இரண்டு கடல்கள். வடக்கே இறங்கும் நீர் பதுளு ஓயாவில் விழுந்து, மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் போய்விடும். தெற்கே சரிவது இராவணா எல்லயில் குதித்து, கிரிந்தி ஓயாவோடு கலந்து, வெல்லவாயவைத் தாண்டி அம்பாந்தோட்டைக் கடலைத் தேடும். எந்த நீர் எந்தப் பக்கம் என்பதை நடுவில் நிற்கும் மலைதான் தீர்மானித்து வந்தது. அந்தத் தீர்ப்பில் மனிதன் கைவைத்தது 2008க்குப் பிறகு.

அதற்கு முன் இந்தப் பக்கத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். ஜூலையில், ஓகஸ்டில் நுவரெலியாவின் மேற்குச் சரிவெல்லாம் மழையில் ஊறிக் கிடக்கும்போது ஊவா காய்ந்து கிடக்கும். தென்மேற்குக் காற்று கொண்டுவந்த மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு இங்கே வரும். அந்தக் காய்ந்த காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுக்கிறது. கொழும்பு ஏலத்தில் இந்த மலைத் தூளுக்கு விலை எகிறுவதும் அந்த மாதங்களில்தான். கம்பனிக்கு அது சீசன். அதே மாதங்களில் தொழிலாளர் லயத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது வானம் அல்ல, ஊற்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை மலை பாறைப் பிளவுகளுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆவணி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

கல்லிடுக்கில் கசிவதை ஒரு மூங்கில் பிளவோ, துருப்பிடித்த இரும்புக் குழாயோ செருகி வெளியே நீட்டிவிட்டால் அது பீலி. கீழே ஒரு தட்டைக் கல். குடம் வைத்து வைத்தே அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். விடியுமுன், வேலைப் பிரட்டுக்கு ஆள் போகுமுன், குடங்கள் வரிசை பிடித்துவிடும். லாம்பு வெளிச்சம்கூட எட்டாத இருட்டில் குடம் நிறைவதைப் பெண்கள் காதால்தான் பார்ப்பார்கள். முதலில் அடியில் கனமாக விழும் சத்தம், நீர் ஏற ஏற மெலிந்து, கழுத்துக்கு வரும்போது கீச்சென்று உயரும். அந்த நேரத்துக்குக் கை தானாக அடுத்த குடத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வைக்கும். சவர்க்காரம் போடுவது பீலிக்குக் கீழே. குடிதண்ணீர் பிடிப்பது பீலியில். மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் வரும் சண்டைகளில் பாதி இந்த விதியை யாராவது மீறியதில் தொடங்கியிருக்கும்.

பீலியைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. மழை நாளில் கலங்கல் வரும். மேல் மலையில் அடித்த மருந்து தண்ணீரோடு இறங்கும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை எல்லா லயங்களிலும் உண்டு. இயற்கையாகவே தண்ணீர் வருகிறதே என்று சொல்லித்தான் எத்தனையோ தோட்டங்களில் குழாய் போடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் அதற்கு ஒரு குணம் இருந்தது: அது யாரிடமும் கேட்டு வரவேண்டிய தண்ணீர் அல்ல.

ஓடைகளை மறித்து மின்சாரம் எடுப்பதும் இந்த மலைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனையோ தேயிலை ஸ்டோர்களுக்குப் பக்கத்தில் ஓடையை மறித்து ஒரு சின்னத் தடுப்பு கட்டி, குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றி இயந்திரம் ஓட்டினார்கள். அந்த இயந்திரத்தின் காவல் தெய்வமான ரோதை முனிக்கு வருஷா வருஷம் பூசை நடக்கும். நாட்டு மின்சாரம் வந்தபின், தோட்டங்கள் எழுபதுகளில் அரசாங்கத்தின் கைக்குப் போனபின், பல டர்பைன்கள் கைவிடப்பட்டன. தடுப்புச் சுவர் சில இடங்களில் பாசி பிடித்து அப்படியே நிற்கிறது. நீர் அதன் மேலால் வழிந்து தன் பாட்டில் போகிறது. முனிக்குப் பூசை மட்டும் தொடர்கிறது.

பெரிய அணை என்றால் மலையகத்தில் நினைவுக்கு வருவது மூழ்கிய ஊர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா பட்டினம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும். பத்திரிகைகள் ஒவ்வொரு தடவையும் படம் போடும். மூத்தவர்கள் பார்க்கப் போவார்கள். கொத்மலையில் 1985இல், மேல் கொத்மலையில் 2012இல் என்று அந்த வரிசை நீண்டது. ஆகவே உமா ஓயாத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது கேட்கப்பட்ட முதல் கேள்வி, எந்த ஊர் மூழ்கும் என்பதுதான். மஸ்கெலியா அளவுக்கு எதுவும் மூழ்காது என்றதும் பாதிப் பயம் போய்விட்டது. கேள்வியே தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

உமா ஓயா வெலிமடைப் பக்கத்து மலைகளில் பிறந்து, ரந்தம்பையில் மகாவலியைச் சேரும் ஆறு. அதன் நீரில் ஒரு பங்கை மலைக்கு அடியால் தெற்கே திருப்பி, வழியில் மின்சாரம் எடுத்து, மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குக் கொடுப்பது திட்டம். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் வந்து, மகிந்த ராஜபக்ஷவோடு சேர்ந்து தொடக்கி வைத்தார். வேலை ஈரானின் ஃபராப் நிறுவனத்துக்கு. ஈரான் மீது தடைகள் இறுகியதும் அங்கிருந்து வந்த கடன் நின்றுபோக, செலவின் பெரும் பங்கை இலங்கையே சுமந்தது. புஹுல்பொலவில் 35 மீற்றர் உயரத்தில் ஓர் அணை. டயரபாவில் 50 மீற்றர் உயரத்தில் இன்னொன்று. டயரபாவிலிருந்து பண்டாரவளை, எல்ல மலைகளுக்கு அடியால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். அது முடியும் இடத்தில் நீர் 600 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுந்து, எல்ல - வெல்லவாய வீதிப் பக்கம் கரந்தகொல்லயில் மலைக்குள் குடைந்த மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றும். 120 மெகாவாட். பிறகு கிரிந்தி ஓயாப் பக்கம் வெளியேறும். ஆண்டுக்கு 145 மில்லியன் கன மீற்றர் திருப்பலாம் என்பது கணக்கு.

அந்தச் சுரங்கம்தான் கதை. 2014 டிசெம்பர் கடைசி வாரத்தில், பண்டாரவளைக்கு அடியில் துளைத்துக்கொண்டிருந்தபோது பாறைப் பிளவு ஒன்று திறந்துகொண்டது. மலை தன் வயிற்றில் வைத்திருந்த நீர் சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கியது. மேலே மக்குலெல்ல, ஹீல் ஓயாப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. நீர் வடிந்த மண் அமுங்கியதில் வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சில இடங்களில் கதவு சட்டத்தில் இறுகி அசையவே இல்லை. நிறைந்த குடத்தின் அடியில் ஆணி அடித்த வேலை. கசிவை அடைத்தார்கள், மறுபடி துளைத்தார்கள், 2017இல் மறுபடியும் பெரிதாக உடைத்துக்கொண்டது. அந்த ஜூன் கடைசியில் பண்டாரவளை நகரம் கடைகளை அடைத்துவிட்டு வீதிக்கு வந்தது. பிக்குமாரும், கடைக்காரரும், மரக்கறித் தோட்டக்காரரும், லயத்துப் பெண்களும் ஒரே வீதியில் நின்றது ஊவாவில் அடிக்கடி பார்க்கிற காட்சி அல்ல. சேதமான வீடுகள் ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்டன, நட்டஈடு பேசப்பட்டது. காணி உறுதி உள்ளவருக்கு அது ஓர் அலைச்சல். நான்கு தலைமுறையாக இருந்தும் தன் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாத லயத்துக்காரர் வெடித்த சுவரை யார் பெயரில் காட்டுவது?

பீலிக்கரைக்குத் தண்ணீர்ப் பவுசர் வந்தது அப்படித்தான். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தாங்கிகளை வீதியோரத்தில் வைத்தார்கள். பவுசர் எப்போது வரும் என்பது சாரதிக்குத்தான் தெரியும். பகல் பதினொன்றுக்கு வந்தால் கொழுந்து மலையில் நிற்பவள் என்ன செய்வாள்? வீட்டில் இருக்கும் கிழவியும், பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்ட பிள்ளையும் வாளிகளோடு ஓடும். முன்பு தண்ணீருக்காக விடியலில் அரைமணி நேரம் கொடுத்தவர்கள், இப்போது ஓர் ஆளையே கொடுக்கவேண்டியிருந்தது.

திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறக்கப்பட்டது. ஈரான் ஜனாதிபதி ரைசி நேரில் வந்தார். ஒரு மாதம் ஆவதற்குள், தன் நாட்டு எல்லையில் இன்னொரு அணையைத் திறந்துவிட்டுத் திரும்புகையில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அதை ஊவாவில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதாமல் விடுகிறேன். இன்று சுரங்கம் கொங்கிரீட் பூசி, பிளவுகளுக்குச் சீமெந்துக் குழம்பு செலுத்தி, நீர் நிரம்பி வேலை செய்கிறது. எந்த ஊற்று திரும்பியது, எது திரும்பவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இதற்கிடையில் எல்ல வேறு ஊராகிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். முன்பு நாலு கடை இருந்த சந்தியில் ஹோட்டல்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒவ்வொன்றின் கூரையிலும் தாங்கி. குழாய்க்கிணறு அடிக்கிறவர்களுக்கு நல்ல காலம். மலையின் நீரைச் சுரங்கம் மட்டும் குடித்தது என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது.

அணையை உடைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கோபத்தில் கேட்கிறார்கள் என்றாலும் உலகத்தில் இது இப்போது வெறும் கோபப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011க்கும் 2014க்கும் இடையில் இடித்தார்கள். சல்மன் மீன்கள் மறுபடி மேலேறின. அதற்கான சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. நடுவில் நடந்த வேலைகளில் ஒன்று, அந்த ஆற்றை நம்பியிருந்த போர்ட் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் புதிய நீர் சுத்திகரிப்பு வசதிகளைக் கட்டியது. அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த சேறு இறங்கும்போது குழாயில் கலங்கல் வரக்கூடாது என்று முதலே யோசித்தார்கள். அதே நாட்டின் கிளாமத் ஆற்றில் இடிக்க எடுத்த நான்கு அணைகளில் கடைசியும் 2024இல் போனது. அங்கேயும் வைரீக்கா என்ற சின்ன நகரத்தின் குடிநீர்க் குழாயை மாற்றிப் போட்ட பிறகுதான் நீர்த்தேக்கத்தை வடித்தார்கள். கலிபோர்னியாவில் அணை கட்டி மூழ்கடித்த ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கை மீட்கவேண்டும் என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். அங்கே தேங்கி நிற்பது சான் பிரான்சிஸ்கோ குடிக்கும் நீர். பள்ளத்தாக்கை மீட்க ஒரு திட்டமாவது தீட்டுவோமா என்று 2012இல் அந்த நகரத்து வாக்காளர்களிடம் கேட்டபோது, நாலில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். முதலில் தண்ணீருக்கு வழி சொல், பிறகு பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசு என்பதுதான் அதன் பொருள்.

அங்கே அணையை எடுப்பதற்கே தண்ணீரை முதலில் பத்திரப்படுத்தினார்கள். இங்கே கட்டுவதற்குக்கூட அதைச் செய்யவில்லை. எனக்கு இதில் உள்ள மனத்தாங்கல் அவ்வளவுதான்.

டயரபா அணையை நாளை இடித்தால் மக்குலெல்லக் கிணற்றில் நீர் ஊறிவிடாது. உமா ஓயா பழையபடி ரந்தம்பைக்கு ஓடும், அது நல்லதுதான். ஆனால் ஊவாவில் உண்மையில் உடைந்த அணை மலைதான். வருஷத்து மழையைத் தேக்கி, தேவைக்கு அளந்து கொடுத்தது அந்தப் பாறை. அதை உடைத்தது சுரங்கம். நீர் நிரம்பி அழுத்தத்தோடு நிற்கும் சுரங்கம் சுற்றியுள்ள நிலத்தடி நீரை ஓரளவு தடுத்து நிறுத்தும். அடைக்காமல் வெறுமையாக விட்டால் அது வெறும் வடிகால். ஆகவே அணையை எடுக்கும் பேச்சை யார் எடுத்தாலும் முதலில் சுரங்கத்தை எங்கே, எப்படி அடைப்பது என்று சொல்லவேண்டும். கீழே, வெல்லவாயப் பக்கத்தில், இந்த நீரை எதிர்பார்த்து வயல் திருத்தியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக வரட்சியில் கிடந்தவர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய, பணம் கேட்காத ஒரு வேலை இருக்கிறது: பீலிகளை எண்ணுவது. பத்து லீட்டர் வாளி ஒன்று, கையில் ஒரு போன். வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஓகஸ்டில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை பார்த்து, எந்தத் தோட்டம், எந்த மலை, எந்த லயத்துக்குப் பக்கம் என்று எழுதி வைக்கவேண்டும். இருபது விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லீட்டர்; அடுத்த வருஷம் நாற்பது விநாடி ஆனால் பாதி போய்விட்டது. தோட்டப் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. 2014க்கு முன் யாராவது அப்படி ஒரு கொப்பியை எழுதி வைத்திருந்தால், நட்டஈட்டு மேசைக்கு முன்னால் வாயால் சொல்லி நம்பவைக்க வேண்டிய அவதி பலருக்கு இருந்திருக்காது. அடுத்த சுரங்கத்துக்கு யாராவது அளவுகோல் பிடிக்க வருவதற்கு முன் அந்தக் கொப்பி இருக்கவேண்டும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, பிரதேச செயலகத்தில் முத்திரை குத்தி வாங்கிய பிரதி ஒன்று.