குப்பை அள்ளும் காசு எங்கிருந்து வரும்? இந்தோனேசியாவின் அனுபவம்

2005 பிப்ரவரி 21. இந்தோனேசியாவின் பாண்டுங் நகருக்கு அருகே, தொடர் மழையில் ஊறிப்போன லெவிகஜா குப்பை மலை சரிந்தது. அடிவாரத்து வீடுகள் புதைந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நாளை அந்நாடு இப்போது தேசிய குப்பை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து 2008ல் குப்பை மேலாண்மைச் சட்டம் வந்தது. திறந்தவெளிக் கிடங்குகளை ஐந்தாண்டுக்குள் மூடிவிட வேண்டும் என்றது. கெடு முடிந்தும் பல ஊர்களில் அவை மூடப்படவில்லை. சட்டம் இருந்தது, காசு இல்லை.

இதில் இரண்டு வகைக் காசு இருக்கிறது என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடங்கு கட்ட, லாரி வாங்க ஒருமுறை தேவைப்படும் முதலீடு ஒன்று. டீசல், கூலி, பழுதுபார்ப்பு என்று தினமும் கரையும் செலவு மற்றொன்று.

முதலாவதற்கு இந்தோனேசிய அரசு கண்ட வழிகளில் ஒன்று பசுமை சுகூக். 2018 மார்ச்சில் 125 கோடி டாலருக்கு அதை வெளியிட்டது. ஓர் அரசு இப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல்முறை. கடன் பத்திரம் வாங்கியவருக்கு வட்டி வரும். சுகூக் வாங்கியவரோ அதற்கென ஒதுக்கப்பட்ட சொத்துக்களில் பங்குதாரர் ஆகிறார்; அவற்றின் வாடகை போன்ற வருவாய் அவருக்குச் சேர்கிறது. திரட்டிய பணத்தைச் செலவிடக் குறித்த துறைகளில் குப்பை மேலாண்மையும் ஒன்று. அடுத்த ஆண்டே சாமானியர்களும் 10 லட்சம் ரூபியா முதல் வாங்கும்படி ஒரு பசுமை சுகூக் வந்தது. (பயந்துவிட வேண்டாம், அன்றைய மதிப்பில் அது நம் ஐயாயிரம் ரூபாய்தான்.)

சிக்கல் இரண்டாவதில்தான். அங்கே தெருக் குழுக்கள் வீட்டுக்கு வீடு சந்தா வாங்குகின்றன. அந்தச் சந்தா பெரும்பாலும் தள்ளுவண்டிக்காரரின் கூலிக்கும், குப்பை தெருமுனைச் சேகரிப்பு இடத்துக்குப் போய்ச் சேரவும்தான் சரியாக இருக்கும். அதற்கு அப்பால் லாரியும் கிடங்கும் நகராட்சியின் பொறுப்பு. சாலைக்கும் சம்பளத்துக்கும் போக மிஞ்சியதுதான் குப்பைக்கு! ஜகார்த்தாவின் குப்பை பக்கத்து பெக்காசி நகரின் பந்தர் கெபாங் கிடங்குக்குப் போகிறது. சுற்றிலும் வாழும் குடும்பங்களுக்கு ஜகார்த்தா இழப்பீடு தருகிறது. மக்கள் அதற்கு வைத்த பெயர் "நாற்றக் காசு".

செலவைக் குறைக்க மக்களே தொடங்கியது குப்பை வங்கி. 2008ல் யோக்யகர்த்தா அருகே பந்துலில் ஆரம்பித்துப் பல ஊர்களுக்குப் பரவியது. பிளாஸ்டிக், காகிதம், டப்பா இவற்றைத் தரம் பிரித்துக் கொண்டுபோனால் எடைபோட்டு, நம் பெயரில் உள்ள பாஸ்புக்கில் வரவு வைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் நடத்துகிறார்கள்.

உலமாக்களும் ஒதுங்கி நிற்கவில்லை. இந்தோனேசிய உலமா சபை 2014ல் வெளியிட்ட 47ம் எண் ஃபத்வா, கண்ட இடத்தில் குப்பை போடுவது ஹராம் என்றது. குப்பையைப் பயனுள்ள பொருளாக்குவது வாஜிப் கிஃபாயா என்றது. அதாவது ஜனாஸா தொழுகையைப் போல, ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. ஷாஃபிஈ மத்ஹபினர் நிறைந்த நாடு என்பதால் நம் மஹல்லாக்களுக்கும் இது அந்நியமான பேச்சல்ல.

ஆனால் குப்பை வங்கி விலைபோகும் பொருளைத்தான் வாங்கும். சோறும் காய்கறித் தோலும் குப்பையில் பெரும்பங்கு, அவற்றை யாரும் எடைக்கு எடுப்பதில்லை. சுராபயா நகரம் 2021ல் பெனோவோ கிடங்கில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையைத் திறந்தது. மின்சாரத்தை அரசு மின் நிறுவனம் காசு கொடுத்து வாங்குகிறது. அப்படியும் உள்ளே போகும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் நகராட்சி அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறது.