சிறார் உழைப்பும் அரசியலமைப்பின் சொற்களும்

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை அடுத்து நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றி எழுதுவோர், 1751ஆம் ஆண்டின் வாலிகண்டபுரப் போரையும் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த பூசலையும் கூறி நிறைவு செய்துவிடுவர். கோட்டையைச் சூழ்ந்த புன்செய் நிலங்களைப் பொருட்படுத்துவோர் குறைவு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வட்டாரம் இது. இதற்குக் கிழக்கே அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. அண்டை அண்டையாக அமைந்த இவ்விரு நிலங்களின் சிறார்களையும், 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் ஒன்றுபோல் காக்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட எவரையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேறு அபாயகரமான பணியிலோ அமர்த்தலாகாது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. அரியலூர்ச் சுரங்கத்தில் இறக்கப்படும் சிறுவனுக்கு இச்சொற்கள் நேரடிக் காவல். ரஞ்சன்குடிப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் சிறுமிக்கு அவற்றுள் இடமில்லை.

இந்த இடைவெளியின் பொருளை உணர, இதே வினாவில் மற்றொரு நாடு பட்ட பாட்டையும் நாம் அறிதல் வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 1916இல் சிறார் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது. வட கரோலைனாவின் பருத்தி ஆலையொன்றில் தம் மைந்தருடன் வேலை பார்த்த ஒரு தந்தை அதனை எதிர்த்து வழக்காடினார். 1918இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதாக்கியது. வரி விதிப்பின் வழியாக இயற்றப்பட்ட அடுத்த சட்டமும் 1922இல் வீழ்ந்தது. எனவே அரசியலமைப்பையே திருத்த முனைந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் உழைப்பை ஒழுங்குபடுத்தவும் தடை செய்யவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் திருத்தம் 1924 ஜூனில் இரு அவைகளையும் கடந்தது.

நாடாளுமன்றம் நிறைவேற்றியதோடு அங்கே திருத்தம் உயிர் பெறுவதில்லை. நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் அதனை ஏற்றுறுதி செய்தல் வேண்டும். அன்றிருந்த 48 மாநிலங்களுள் 36 தேவை; கிடைத்தவை 28. எதிர்ப்பு பெரும்பாலும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு எழுந்தது. திருத்தத்தில் ‘பணியமர்த்தல்’ என்றில்லாமல் ‘உழைப்பு’ என்றிருந்தது. அப்படியாயின், தந்தையின் வயலில் மகன் களை பறிப்பதையும் அடுக்களையில் தாய்க்கு மகள் உதவுவதையும் அரசு தடுக்குமோ என்று உழவர்களிடையே அச்சம் பரப்பப்பட்டது. ஆலை முதலாளிகள் அந்த அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. மாசசூசெட்ஸ் மக்கள் அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அதனை நிராகரித்தனர். 1938இல் சாதாரணச் சட்டமொன்று தொழிற்சாலைச் சிறாரைக் காத்தது. 1941இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அதனை ஏற்றது. வயல் வேலைக்கு மட்டும் அச்சட்டம் பெரும் விலக்குகளை அளித்தது. காலவரையறை விதிக்கப்படாததால், அந்தத் திருத்தம் இன்றளவும் மாநிலங்களின் முன் நிலுவையில் கிடக்கிறது.

நம் நாட்டில் சிறார் பணித்தடை அத்தகைய தடங்கலைச் சந்திக்கவில்லை. அடிப்படை உரிமையாகவே மூல நூலில் இடம்பெற்றது. சிக்கல் கல்வியில் நேர்ந்தது. 1948 நவம்பர் 23 அன்று, பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்னும் வரைவு அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, வங்காளத்து உறுப்பினர் நசிருத்தீன் அகமது அதனைத் தொடக்கக் கல்வி அளவில் நிறுத்த ஒரு திருத்தம் முன்மொழிந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பணியமர்த்தலாகாது என்று வேறோரிடத்தில் விதித்திருக்கிறோம். பணியில் இல்லாத குழந்தை கல்விக்கூடத்தில் இருந்தாக வேண்டும் அன்றோ என்பது அவர் வாதத்தின் சாரம். வேலைத்தடையும் கல்வியும் ஒரே கதவின் இரு சிறகுகள் என்பதை இதனினும் தெளிவாக விளக்கியவர் அரிது. ஆயினும் அன்றே, லட்சுமி காந்த மைத்ரா கோரியபடி ‘உரிமையுடையவர்’ என்னும் சொல் வரைவிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சிறகு நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமையாயிற்று. மற்றொன்று, பத்தாண்டுக்குள் நிறைவேற்ற முயல வேண்டிய 45ஆம் பிரிவின் நெறியாகத் தங்கிற்று.

நம் அரசியலமைப்பிலும் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்புறுதி தேவை. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றிய 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அவ்வழியே சென்றது. (அவ்வாண்டு ஜனவரி இறுதியிலேயே தமிழகச் சட்டப்பேரவை கலைக்கப்பட்டிருந்ததால், இங்கே ஆமென்றோ அன்றென்றோ சொல்ல அவையே இல்லை.) ஆனால் அடிப்படை உரிமைகளைத் திருத்த அந்த ஏற்புறுதி வேண்டுவதில்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரையிலான கல்வியை உரிமையென அறிவித்தபின், 2002 டிசம்பரில் 86ஆவது திருத்தம் 21அ பிரிவைச் சேர்த்தது. மாநிலங்களுக்காகக் காத்திராத இத்திருத்தம் வேறொன்றுக்காகக் காத்திருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, இரண்டும் 2010 ஏப்ரல் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தன. திருத்தம் ஒப்புதல் பெற்றபோது ஆறு வயது நிறைந்த குழந்தை, அது நடைமுறைக்கு வந்த நாளில் பதின்மூன்றைக் கடந்திருந்தது.

பருத்திக் காட்டுச் சிறுமியை அரசியலமைப்பு எட்டித் தொட்டது இந்தத் திருத்தத்தின் வழியாகத்தான். அவளை வேலையிலிருந்து விலக்கும் சொல் அங்கில்லை. பள்ளிக்கு உரியவள் என்னும் சொல் உண்டு. வேலையைப் பொறுத்தவரை, 1986ஆம் ஆண்டின் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பின்னரே பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலும் அமர்த்துவது தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு ஜூன் 13 அன்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182 ஆகிய இரு உடன்படிக்கைகளையும் இந்தியா ஏற்றுறுதி செய்தது.

எனினும் அமெரிக்க உழவரின் அச்சம் நம் சட்டத்துள் வேறு உருவில் நுழைந்திருக்கிறது. பள்ளி நேரம் கடந்தோ விடுமுறையிலோ, அபாயமற்ற குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்கிறது 2016இன் திருத்தம். குடும்பம் என்பதில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் மட்டுமல்லர். அத்தை, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோரும் அடங்குவர். நம் சிற்றூர்களில் யாருடைய காடு இந்த உறவு வட்டத்துக்கு வெளியே இருக்கிறது? மாமன் காட்டில் பருத்தி எடுப்பதும் சித்தப்பா களத்தில் வெங்காயத் தாளை அறுப்பதும் உதவியா, உழைப்பா என்பதைப் பிரித்தறியும் கருவி ஒன்றே: பள்ளியின் வருகைப் பதிவேடு. தகவலின்றி ஒரு குழந்தை தொடர்ந்து 30 நாள்கள் வராவிடில் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் விதி. பருத்தி எடுப்போ வெங்காய அறுவடையோ ஒரு குழந்தையைத் தொடர்ந்து முப்பது நாள்கள் பிடித்து வைப்பதில்லை. இரண்டு நாள் இங்கும் மூன்று நாள் அங்குமாகவே பள்ளி நாள்கள் கழிகின்றன.