இரட்டை அலைக்கற்றை வைஃபையும் மடிக்கணினியின் வேகமும்

வீடுகளில் இன்று நிறுவப்படும் ரவுட்டர்களுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைக்கற்றைகளிலும் ஒரே வேளையில் இயங்குபவை. அலைக்கற்றை என்பது ஒருவகைப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட ரேடியோ அதிர்வெண்களின் தொகுதியாகும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் கற்றையை விரிவாகப் பயன்படுத்த 2018ஆம் ஆண்டிலும் அனுமதி கிடைத்தது. இரண்டையும் தரும் ரவுட்டரை வாங்கிய பிறகும் மடிக்கணினி மந்தமாக இயங்குகிறதென்றால், இணைய நிறுவனத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்துவதற்கு முன்னர், அது எந்தக் கற்றையில், அக்கற்றையின் உட்பிரிவான எந்தச் சேனலில் இணைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே முறை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதிக்கும் குறைவு. ஒரே தொலைவில், ஒரே ஆற்றலுடன் அனுப்பப்பட்டாலும், சாதாரண ஆண்டெனாக்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் வந்துசேரும் ஆற்றல் மற்றதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட்டும் அதை மேலும் குறைக்கின்றன. எனவே தொலைவுக்கு 2.4 ஏற்றது எனத் தோன்றும். ஆனால் புளூடூத் கருவிகளும், 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அந்தக் குறுகிய கற்றையைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

அந்த நெரிசலின் இயல்பை அறிந்தால்தான் சேனலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். இக்கற்றையில் இந்தியாவில் 13 சேனல்கள் உள்ளன; அவற்றின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்க, ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்வதால், ஒன்றன்மீது ஒன்று படியாமல் 1, 6, 11 ஆகிய மூன்றையே ஒருங்கே பயன்படுத்துவது வழக்கம். பக்கத்து வீட்டார் 1இலும் எதிர்வீட்டார் 6இலும் இருக்கும்போது, இடையே காலியாகத் தோன்றும் 3ஐத் தெரிவுசெய்வது பலரும் செய்யும் தவறு. வைஃபை கருவி பேசுவதற்கு முன்னர் செவிமடுக்கும் இயல்புடையது. ஒரே சேனலில் உள்ள கருவிகள் ஒன்றன் சமிக்ஞையை மற்றொன்று வாசித்து, முறைவைத்துக் காத்திருக்கின்றன. பாதி படிந்த சேனலிலோ அடுத்தவரின் சமிக்ஞை வாசிக்க இயலாத வெறும் இரைச்சலாகி, தகவல் சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாகிறது. ஆகவே ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்வது அரைகுறையாக விலகி நிற்பதைவிட மேலானது. இக்கற்றையில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே நிறுத்திவைப்பதும் அதே காரணத்தால்தான்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம் என்பதால், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் துணிந்து கொடுக்கலாம். இரண்டு ஆண்டெனாக்கள் உள்ள, வைஃபை 5 தலைமுறையைச் சேர்ந்த மடிக்கணினி இந்த அகலத்தில் நொடிக்கு 866 மெகாபிட் வரை இணைப்பு வேகம் பெறும், 2.4இன் 20 மெகாஹெர்ட்ஸில் வைஃபை 4 முறைப்படி அதே கணினிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 144 மெகாபிட். செயலளவில் கைக்கு வருவது இவற்றில் பாதியளவே என்றாலும் வேறுபாடு மிகப் பெரிது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாருடன் பகிரப்படுபவை ஆதலால், ரேடார் சமிக்ஞை தென்பட்டதும் ரவுட்டர் அங்கிருந்து விலகியாக வேண்டும். காணொளிக் கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுபடுவதை விரும்பாதவர்கள் 36 முதல் 48 வரையிலோ, 149 முதல் 161 வரையிலோ உள்ள சேனல்களைத் தெரிவுசெய்வது நல்லது.

எந்தக் கற்றையில் இணைவது என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ரவுட்டரன்று, மடிக்கணினியே. இரண்டு கற்றைகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் சில மடிக்கணினிகள் வலுவான 2.4ஐப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்கும் என்பதால், தனித்தனிப் பெயர் சூட்டி, மடிக்கணினிக்கு 5இன் கடவுச்சொல்லை மட்டும் கொடுப்பது உறுதியான வழி. விண்டோஸில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்தால் கற்றை, சேனல், இணைப்பு வேகம் மூன்றும் தெரியும். ஆப்பிள் மடிக்கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் சமிக்ஞை வலிமையும் எதிர்க்குறி எண்ணாகக் காட்டப்படும். அது −67 டிபிஎம் அல்லது அதைவிட மேலாக, அதாவது −60, −50 என இருந்தால் காணொளி உரையாடலுக்குக் குறையிராது. பாதுகாப்பு அமைப்பில் பழைய டிகேஐபி குறியாக்க முறை இருந்தால், இணைப்பு வேகம் 54 மெகாபிட்டுக்குள் முடங்கிவிடும். டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 அமைப்புக்கு மாற்றுவதால் வேகமும் பாதுகாப்பும் ஒருங்கே கூடுகின்றன.

ஃபைபர் கம்பி நுழையும் வாசல் மூலையிலேயே, சில சமயம் இரும்பு பீரோவுக்குப் பின்னாலேயே, ரவுட்டரைப் பொருத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. உலோகம் அலையைத் திருப்பிவிடுவதால், வீட்டின் நடுப்பகுதியில் ஆள் உயரத்தில் அதை வைப்பதற்கு ஈடான அமைப்பு மாற்றம் எதுவுமில்லை. இரண்டு சுவர்களுக்கு அப்பாலுள்ள அறைக்கு ரிப்பீட்டர் வாங்கினால், ஒரே சேனலில் அது ஒவ்வொரு தகவலையும் கேட்டு மறுபடி அனுப்புவதால் வேகம் பாதியாகிறது. அவ்வறை வரை லேன் கேபிள் இழுத்து, இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் இணைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்கு முதல் ரவுட்டரில் உள்ள அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, ஒன்றை 36ஆம் சேனலிலும் மற்றதை 149ஆம் சேனலிலும் வைத்துவிட்டால், மடிக்கணினி அறைக்கு அறை தானாகவே இணைப்பை மாற்றிக்கொள்ளும்.